விடியலை இழுப்பதா, இரவோடு இருப்பதா?

வீட்டில் எனக்கு இரண்டு பட்டம். அம்மம்மா வைத்தது மூதேவி, அண்ணா வைத்தது சாமக்கோழி. விடியப்புறம் நாலு மணிக்குக் கண்ணயர்ந்தால் பகல் பன்னிரண்டு வரை அடித்துப்போட்ட நித்திரை. எட்டு மணித்தியாலம், குறைவே இல்லை. இரவு பத்துக்குப் படுத்தாலோ நாலு மட்டும் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டு கிடப்பேன். இந்த ‘பிந்திய நித்திரைக் கட்டத்தை’ நியூயோர்க் மருத்துவர்கள் 1981லேயே விவரித்து எழுதிவிட்டார்கள். 2017இல், இப்படியான சில குடும்பங்களில் ஒரு மரபணு மாற்றம் இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். அம்மம்மா இருந்திருந்தால் அதற்கும் மூதேவி என்றுதான் பெயர் வைத்திருப்பா.

திருகோணமலையில் இருந்துகொண்டு இந்த உடம்பை வைத்து என்ன செய்யலாம்? மூன்று வழிகளைப் பார்த்துவிட்டேன்.

முதலாவது, விடியலைத் தன் பக்கம் இழுப்பது. எல்லோரும் சொல்லும் புத்தி இதுதான்: வெள்ளென எழும்பு, வெயிலில் நட. நானும் அலாரம் வைத்து, ஆறு மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில் நடந்தேன். மூன்று கிழமையில் நித்திரை நாலிலிருந்து ஐந்துக்குப் போனது! காரணம் பிறகுதான் விளங்கியது. வழமையாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு உடம்புச் சூடு ஆகக் குறையும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். அதற்கு முன்பு படுவது பின்னுக்குத் தள்ளும். பன்னிரண்டுக்கு எழும்புகிறவனுக்குக் காலை ஆறு மணி இன்னும் நடுச்சாமம். அழகான சூரிய உதயம்தான், ஆனால் எனக்கு அது பாதகம்.

சரியான முறை, தானாக விழிக்கும் நேரத்தில் வெளிச்சத்தில் நிற்கத் தொடங்கி, அந்த நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கா அரை மணி வீதம் முன்னுக்குக் கொண்டுவருவது. வெளிநாட்டில் இதற்குப் பத்தாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு விற்கிறார்கள். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. முகில் மூடிய நாளிலும் முற்றத்தில் ஏறக்குறைய அவ்வளவு வெளிச்சம் கிடக்கும், வீட்டுக்குள்ளே சில நூறுதான். கச்சான் காற்று வீசும் ஆடியில் நண்பகல் முற்றத்தில் நிற்கச் சொன்னால் யார் நிற்பது? வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு கோப்பியோடு இருந்தேன். பொழுதுபட்டதும் ரியூப் லைட்டை அணைத்தேன், போனைத் தூர வைத்தேன். உடம்புக்கு இரவு வந்துவிட்டது என்று சொல்லும் ஹோர்மோனான மெலடோனினும் குளிசையாக உண்டு, படுக்கும் நேரத்தில் விழுங்கும் நித்திரைக் குளிசை போல அல்ல, பல மணித்தியாலம் முன்பே சிறிய அளவில் எடுப்பது. அதை டொக்டரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

ஐந்து கிழமையில் ஒரு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழும்பினேன். பிறகு சிவராத்திரி வந்தது. கோணேசர் கோயிலில் ஒரே ஒரு இரவு. அடுத்த கிழமை பழையபடி நாலு மணி.

இரண்டாவது வழி கேட்கச் சுகமானது. முன்னுக்கு இழுக்க முடியாவிட்டால் பின்னுக்கே தள்ளு: இன்று காலை ஏழுக்குப் படு, நாளை பத்துக்கு, பிறகு ஒன்றுக்கு, இப்படி மூன்று மூன்று மணித்தியாலமாகச் சுற்றி இரவு பத்தில் நிறுத்து. இதுவும் 1981இல் வந்த யோசனைதான். ஒரு கிழமை லீவு வேண்டும். பகல் ஒரு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் நித்திரை வேண்டும். பாண் ஆட்டோவின் மெட்டும் மீன்காரரின் ஹோர்னும் விடவேண்டும். மூன்றாம் நாளே விட்டுவிட்டேன், நல்லதாய்ப் போயிற்று. சிலருக்கு இந்தச் சுற்று நிற்காமல், நித்திரை நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போகும் வேறு வருத்தமாக மாறியிருக்கிறதாம். மூன்றிலும் இதற்குத்தான் கடைசி இடம்.

மூன்றாவது, உடம்பை விட்டுவிட்டு வேலையை மாற்றுவது. நிலாவெளி ஹோட்டலில் இரவு ரிசெப்ஷன் பார்த்தேன். பொருத்தமான வேலை, ஆனால் சீசன் வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான். வாடைக்காற்று வந்தால் வெறிச்சோடிவிடும். இப்போது லண்டன் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறேன். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. எனக்காகவே வெட்டித் தைத்த நேரம். நியூயோர்க் வேலையும் கேட்டார்கள். அது இரவு இரண்டரை, மூன்றரை வரை இழுக்கும், முடித்த கையோடு கண் மூடாது.

இதிலும் இழப்பு உண்டு. வங்கி அலுவலுக்கு அரை நித்திரையில் போகவேண்டும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு நித்திரை கொள்ளாமலே போய், பந்தியில் தூங்கி விழுவேன். செத்த வீட்டில் மட்டும் எனக்குத் தனி மரியாதை: “தம்பி முழிச்சிருப்பான், நீங்கள் போய்ப் படுங்கோ.”

பள்ளிக்கூடம், கந்தோர் என்று கட்டுப்பட்டவர்களுக்கு முதல் வழியைத் தவிர வேறில்லை. தெரிவு செய்ய முடிந்தவர்களுக்கு மூன்றாவதைச் சொல்வேன்.

1996 வைகாசியில் அரசாங்கம் மின்சாரம் மிச்சம் பிடிக்க நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ‘புதுநேரம்’ ஆறரைக்கு ரியூசன் என்றால் வெயில் கணக்கில் ஐந்தரை. அந்த வகுப்பில் நான் படித்தது ஒன்றுமில்லை. இப்போது பங்குனிக் கடைசியில் லண்டன்காரர் அதையே செய்கிறார்கள், என் வேலை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வந்துவிடும். அதற்கு இரண்டு கிழமை முன்பே வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டுவிடுவேன்.