நாக்ஸ்: சேர்வரில் விழும் டெஸ்டை ஹட்டனிலேயே விழவைக்க

எங்கள் ஹட்டன் தோட்டத்தில் அம்மா அன்றாடம் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் நிறை, அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளக் கணக்கா, பாதிநாளா) என்பதையெல்லாம் பதிந்து, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க பைதானில் ஒரு சிறிய செயலி எழுதினேன். இப்போது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டு அக்காமாரும் அதைப் பாவிக்கிறார்கள். ஒரு பேர் விடுபட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் டெஸ்ட் (செயலி சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கும் சிறு நிரல்) விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

என் லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பச்சை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (நிரலை ஏற்றும்போது டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப்பின் சேர்வர்) ஒன்று மட்டும் சிவப்பு, அதாவது தோல்வி: 1ஆம் திகதிப் பேர் முந்தைய மாதக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டு இரவு தேடினேன். ஒவ்வொரு நாளையும் நள்ளிரவு 12 மணி என்று சேமித்திருந்தேன். லேப்டாப் இலங்கை நேரத்தில் ஓடுகிறது, அந்த சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணித்தியாலம் பின்னால் போனால் முதல் நாள் மாலை 6.30! தேடும்போது இன்னொன்றும் தெரிந்தது. அங்கே ஓடும் கட்டளைகள் வேறு, நான் வீட்டில் தட்டுவது வேறு. டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்டின் பதிப்புகூட ஒன்றில்லை.

அப்புறம்தான் நாக்ஸுக்கு மாறினேன்; பைதான் டெஸ்டுகளை எங்கும் ஒரே மாதிரி ஓட்ட உதவும் கருவி அது. என்னென்ன நிறுவ வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் நாக்ஸ்ஃபைல் என்ற ஒரே கோப்பில், அதுவும் பைதானிலேயே. ஒவ்வொரு செஷனுக்கும் (அந்தக் கோப்பில் எழுதிய ஒவ்வொரு வேலைக்கும்) புதிய விர்ச்சுவல் என்வைரன்மென்ட் (அதற்கென்றே தனியான பைதான் சூழல்) அமைத்துக்கொள்கிறது. ஆக்‌ஷன்ஸ் கோப்பில் இருந்த நீண்ட கட்டளைகளை அழித்துவிட்டு நாக்ஸை மட்டும் கூப்பிடுகிறேன்.

ஆனால் நேர வலயம் விர்ச்சுவல் என்வைரன்மென்ட்டுக்குள் அடங்காது. அதை நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரே டெஸ்டை யூடிசியில் ஒரு தடவை, கொழும்பு நேரத்தில் ஒரு தடவை ஓடவிட்டேன். சேர்வரில் விழுந்தது என் மேசையிலும் விழுந்தது. பைதானின் நேர வலய நூலகமான ஸோன்இன்ஃபோவை வைத்துத் திருத்தியதும் இரண்டிலும் பச்சை. அந்த நிமிடம் அவ்வளவு நிம்மதி.

மழை பிடித்தால் இங்கே சிக்னல் போய்விடும். நாக்ஸ் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக நிறுவப் பார்ப்பது அப்போது பெரிய தொல்லை. கட்டளையோடு பெரிய எழுத்து ஆர் (-R) சேர்த்தால் பழைய சூழலையே எடுத்துக்கொண்டு, நிறுவும் வேலையைத் தாண்டிப் போகும். டேட்டாவும் மிச்சம்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். நாம் கேட்ட பைதான் பதிப்பு லேப்டாப்பில் இல்லாவிட்டால் நாக்ஸ் அந்தச் செஷனை ஸ்கிப் செய்துவிட்டு மற்றதை ஓட்டும். ஆக்‌ஷன்ஸிலோ அதே குறை பிழையாக வந்து நிற்கும். இரண்டு இடமும் ஒன்றாக இருக்கத்தானே இதை எடுத்தோம்? பதிப்பு இல்லாவிட்டால் வீட்டிலும் பிழை காட்டு என்று நாக்ஸ்ஃபைலின் மேலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.