கெப்ளர் வாலட்: ஸ்டேக்கிங்குக்கும் செயின் விட்டு செயின் அனுப்பவும் எப்படி இருக்கு?

காஸ்மாஸ்ங்கறது ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச பிளாக்செயின்களோட (சுருக்கமா செயின்) குடும்பம், அந்தப் பக்கம் டோக்கன், அதாவது கிரிப்டோ காசு, வச்சிருக்கறவங்க யாரக் கேட்டாலும் வாலட்டுன்னா முதல்ல சொல்ற பேரு கெப்ளர் தான். செயினாப்சிஸ்னு ஒரு கம்பெனி பண்ணது, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ்னு பிரவுசர் எக்ஸ்டென்ஷனா கிடைக்குது, மொபைல் ஆப்பும் இருக்கு. நான் இத ஸ்டேக்கிங்குக்கும் (டோக்கன பூட்டி வச்சு, நெட்வொர்க் ஓட உதவி, ரிவார்டு வாங்கறது), ஒரு செயின்லேர்ந்து இன்னொரு செயினுக்கு டோக்கன் மாத்தறதுக்கும் தான் வச்சிருக்கேன், அதனால ரிவ்யூவும் அந்த ரெண்டப் பத்தி தான், பிட்காயின், எத்தீரியம் சப்போர்ட்டெல்லாம் அப்புறம் சேர்த்தாங்க, அதுக்குள்ள நான் போகல. என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், வேலை சுத்தமா செய்யுது, நம்பி யூஸ் பண்ணலாம். ஆனா எல்லாத்தையும் ரெண்டு கிளிக்ல முடிச்சுக் குடுத்துடறதால, அந்த கிளிக்குக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாமலே அப்ரூவ் பண்ற பழக்கம் வந்துடும், காசு போறது அங்க தான்.

இன்ஸ்டால் பண்றது பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. சர்ச் பண்ணி மேல வர்ற விளம்பரத்த கிளிக் பண்ணாதீங்க, கெப்ளரோட சொந்த சைட்டுக்குப் போயி அங்கேர்ந்து ஸ்டோர் பக்கத்துக்குப் போங்க, ஏன்னா இதே லோகோவோட போலி எக்ஸ்டென்ஷன் போடறவன் இருக்கான். சீட் ஃப்ரேஸ, அதாவது வாலட்ட மீட்டெடுக்கற ரகசிய வார்த்தைகள, பேப்பர்ல எழுதுங்க, ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், கிளவுட்ல சேவ் பண்றதும் வேண்டாம்.

இப்ப ஸ்டேக்கிங். டாஷ்போர்டுல வேலிடேட்டர் (செயின்ல பிளாக்க சரிபார்த்து சைன் பண்றவங்க) லிஸ்ட் வரும், ரிவார்டுல அவங்க எடுத்துக்கற கமிஷன் எவ்வளவு, மொத்த ஸ்டேக்ல அவங்க பங்கு எவ்வளவுன்னு பக்கத்துலயே இருக்கும். புதுசா வர்றவங்க மேல இருக்கற முதல் பேரையே தட்டிடறாங்க, அது தப்பு. சில எக்ஸ்சேஞ்சுங்க (கிரிப்டோ வாங்கி விக்கற எடம்) தங்களோட வேலிடேட்டர்ல 100% கமிஷன் வச்சிருப்பாங்க, அது அவங்க சொந்தக் காசுக்காக ஓட்டறது, அங்க நீங்க போட்டா ரிவார்டு சுத்தமா வராது. இன்னொரு பக்கம் கமிஷன் ரொம்பக் கம்மியா காட்டி ஆள் சேர்த்துட்டு அப்புறம் ஏத்தறவங்களும் உண்டு. ஒரே பெரிய வேலிடேட்டர்ட்ட எல்லாரும் போயி விழுந்தா நெட்வொர்க்குக்கும் நல்லதில்ல, நான் நடு லிஸ்ட்ல இருக்கறவங்களா பார்த்து ரெண்டு மூணு பேருக்குப் பிரிச்சுப் போடுவேன். இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும், டெலிகேட் பண்ணா, அதாவது ஒரு வேலிடேட்டர் பேர்ல ஸ்டேக் பண்ணா, டோக்கன் வேலிடேட்டர் கைக்குப் போறதில்ல, அவனால அத எடுத்துட்டு ஓட முடியாது. ஆனா அவன் தப்பு பண்ணா உங்க டோக்கன்லயும் வெட்டு விழும். காஸ்மாஸோட முதல் செயினான காஸ்மாஸ் ஹப்ல ஒரே பிளாக் உயரத்துல (அதே வரிசை எண்ல) ரெண்டு தடவ சைன் பண்ணிட்டா 5% போயிடும், அந்த வேலிடேட்டர் திரும்ப வரவே முடியாது. சர்வர் ரொம்ப நேரம் படுத்துட்டா 0.01% தான், அது பெருசில்ல, ஆனா அவன் ஜெயில்ல, அதாவது வேலையிலேர்ந்து ஒதுக்கி வச்ச நிலைமையில, இருக்கற வரைக்கும் உங்களுக்கு ரிவார்டு கிடையாது, அத எப்பவாச்சும் போயி பார்க்கணும்.

அப்புறம் ஓட்டு. செயின் விதிய மாத்தறதுக்கு வர்ற கவர்னன்ஸ் ப்ரொப்போசல்ல நீங்க ஓட்டு போடலன்னா உங்க வேலிடேட்டர் போட்ட ஓட்டு உங்களதா கணக்காகும். இத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, ஆனா 2023 நவம்பர்ல 848வது ப்ரொப்போசல் பாஸாகி ஹப்போட சொந்தக் காசான ஆட்டம் (ATOM) டோக்கனோட அதிகபட்ச இன்ஃப்ளேஷன (வருஷத்துக்குப் புதுசா உருவாகற டோக்கன் அளவு) 20%லேர்ந்து 10% ஆக்கினாங்க, ஸ்டேக் பண்ண ஒவ்வொருத்தரோட வருமானமும் அதோட குறைஞ்சுது. அவ்வளவு பெரிய முடிவுல உங்க பேர்ல யாரு ஓட்டு போடறாங்கன்னு தெரியாம இருக்கக் கூடாது. கெப்ளர் டாஷ்போர்டுலயே ஓட்டு போடலாம், ரொம்ப ஈசி, அதுக்கு இவங்களுக்கு முழு மார்க்.

ஹப்ல இருக்கற 21 நாள் லாக் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும். ஸ்டேக் பண்றப்ப அந்த எச்சரிக்கை காட்டுவாங்க, ஆனா நம்பர மட்டும் பார்த்துட்டு எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. அன்ஸ்டேக் அமுக்கின நிமிஷத்துலேர்ந்து 21 நாள் அந்த டோக்கன அனுப்ப முடியாது, விக்க முடியாது, அதுக்கு ரிவார்டும் வராது, அதே நேரம் வேலிடேட்டர் முன்னாடி பண்ண தப்பு அப்ப வெளிய வந்தா வெட்டு மட்டும் விழும். ஆஸ்மோசிஸ்னு இன்னொரு காஸ்மாஸ் செயின்ல இது 14 நாள், செயினுக்கு செயின் மாறும். அவசரத்துக்குத் தேவைப்படற காச ஸ்டேக்ல போடாதீங்கன்னு நான் எல்லார்ட்டயும் கெஞ்சிக் கேக்கறது இதனால தான். வேலிடேட்டர் பிடிக்கலன்னா அன்ஸ்டேக் வேண்டாம், ரீடெலிகேட் பண்ணுங்க, அதாவது நேரா வேற வேலிடேட்டருக்கு மாத்துங்க, உடனே மாறிடும், ரிவார்டு நிக்காது. ஆனா அப்படி மாத்தின டோக்கன புது வேலிடேட்டர்ட்டேர்ந்து மறுபடி வேற எடத்துக்கு 21 நாளைக்கு மாத்த முடியாது, அதனால யோசிச்சு ஒரு தடவ மாத்துங்க. ரிவார்டு தானா சேராது, நீங்க தான் கிளைம் பண்ணணும், ஒவ்வொரு கிளைமுக்கும் ஃபீஸ் உண்டு. ஒரு முக்கியமான விஷயம், இருக்கற அத்தனையும் ஸ்டேக் பண்ணிடாதீங்க, ஃபீஸுக்குன்னு கொஞ்சம் வெளிய இருக்கணும், இல்லன்னா அப்புறம் கிளைம் பண்ணக்கூட கையில காசு இருக்காது.

செயின் விட்டு செயின் அனுப்பறது தான் கெப்ளர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. காஸ்மாஸ் செயின்களுக்கு நடுவுல ஐபிசின்னு ஒரு முறை இருக்கு, 2021ல ஹப்ல வந்தது. நீங்க அனுப்பற டோக்கன் இந்தப் பக்கம் பூட்டு போட்டு நிக்கும், அந்தப் பக்கம் அதுக்கு ஈடா ஒண்ணு உருவாகும், இத சரி பார்க்கறது அந்தந்த செயின்ல இருக்கற லைட் கிளையன்ட் (எதிர்ப்பக்க செயின தானே சரிபார்க்கற சின்ன புரோகிராம்), நடுவுல சாவி வச்சிருக்கற நாலு பேர நம்ப வேண்டியதில்ல. இதோட அருமை புரியணும்னா 2022 மார்ச்ல ரோனின் பிரிட்ஜுக்கு (செயின்களுக்கு நடுவுல டோக்கன் மாத்தித் தர்ற பாலம்) நடந்தத பாருங்க, 9 வேலிடேட்டர் சாவில 5 திருட்டுப் போச்சு, கிட்டத்தட்ட 62 கோடி டாலர் காலி, அவங்களுக்கே அது தெரிய வந்தது கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சு. அதுக்கு முந்தின மாசம் வார்ம்ஹோல்னு இன்னொரு பிரிட்ஜ்ல சைன் சரிபார்க்கற புரோகிராம்ல ஓட்டை, 1,20,000 ஈத்தர் (எத்தீரியத்தோட காசு) மதிப்புக்கு ஈடே இல்லாம ஒரு ஹேக்கர் டோக்கன் உருவாக்கிட்டான். ஐபிசில தப்பே நடக்காதுன்னு சொல்லல, அந்தப் பக்க செயினே விழுந்தா உங்க டோக்கனும் மாட்டும், ஆனா அஞ்சு சாவி போனா எல்லாம் போச்சுங்கற நிலைமை இல்ல. டிரான்ஸ்ஃபர் நடுவுல நின்னுட்டாலும் டைம் அவுட் ஆயி டோக்கன் திரும்ப உங்க அட்ரஸுக்கே வந்துடும், ரிலேயர் (ரெண்டு செயினுக்கும் நடுவுல தகவல் கொண்டு போற புரோகிராம்) ஓடலன்னா கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவு தான். பதட்டத்துல இன்னொரு தடவ அனுப்பாதீங்க.

ஆனா ரூட்ட கவனிங்க. ஹப்லேர்ந்து நேரா ஜூனோங்கற செயினுக்குப் போன ஆட்டம் டோக்கனும், ஆஸ்மோசிஸ் வழியா சுத்திப் போன ஆட்டம் டோக்கனும் ஜூனோல ரெண்டு வேற டோக்கன். ஒண்ணு எல்லா ஆப்புலயும் ஓடும், இன்னொண்ணு ஐபிசின்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு பேரோட யாரும் வாங்காம கிடக்கும். பயப்பட வேண்டியதில்ல, வந்த வழியிலயே திருப்பி அனுப்பினா சரியாயிடும், ஆனா அது தெரியாம டோக்கன் தொலைஞ்சுதுன்னு தேடிட்டு, கடைசில "ரெக்கவரி" பண்ணித் தர்றேன்னு மெசேஜ் அனுப்பற திருடன்கிட்ட சீட் ஃப்ரேஸ குடுத்தவங்கள பார்த்திருக்கேன். மனசு கஷ்டமா இருக்கும். இன்னொண்ணு, எக்ஸ்சேஞ்ச் அட்ரஸுக்கு வேற செயின்லேர்ந்து ஐபிசில அனுப்பாதீங்க, முதல்ல உங்க கெப்ளர்க்கே டோக்கன அதோட சொந்த செயினுக்குக் கொண்டு வாங்க, அங்கேர்ந்து மெமோ (எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குக் குடுக்கற அடையாளக் குறிப்பு) போட்டு அனுப்புங்க. மெமோ விட்டா எக்ஸ்சேஞ்சுக்கு அது யாரோட காசுன்னு தெரியாது. அட்ரஸோட முன்னாடி எழுத்த மட்டும் மாத்தினா வேற செயின் அட்ரஸ் ஆயிடும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, ஒரே சீட் ஃப்ரேஸா இருந்தாலும் சில செயின்ல சாவியே வேற மாதிரி உருவாகுது, அந்தந்த செயின் அட்ரஸ கெப்ளர்லேர்ந்தே காப்பி பண்ணுங்க.

சைன் பண்ற ஸ்க்ரீன் தான் கெப்ளரோட நல்லதும் குறையும். என்ன மெசேஜுன்னு வார்த்தையில காட்டுது, வேணும்னா முழு டேட்டாவையும் திறந்து பார்க்கலாம், அது நல்லது. குறை என்னன்னா சாதாரண கிளைமும் ஆபத்தான பர்மிஷனும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கு. ஆத்ஸ் (Authz)னு ஒண்ணு இருக்கு, உங்க அக்கவுண்ட்லேர்ந்து சில வேலைய இன்னொருத்தர் செய்யலாம்னு குடுக்கற அனுமதி. ஆட்டோவா ரிவார்டு சேர்த்து மறுபடி ஸ்டேக் பண்ற ரீஸ்டேக் மாதிரி சர்வீஸுக்கு அது தேவை தான், அங்க டெலிகேட் பண்ண மட்டும் அனுமதி போகும். அதே ஆத்ஸ்ல உங்க டோக்கன அனுப்பற அனுமதியும் குடுக்க முடியும், இலவசமா டோக்கன் தர்றேன்னு சொல்ற போலி ஏர்டிராப் சைட்டு கேக்கறது அதத்தான். சும்மா சில்லறை டோக்கன அனுப்பி, மெமோல லிங்க் போட்டு "கிளைம் பண்ணுங்க"ன்னு வர்றத தொடவே தொடாதீங்க. கிராண்ட் (Grant)னு ஒரு வார்த்தை சைன் ஸ்க்ரீன்ல வந்தா நிறுத்துங்க, எதுக்கு, யாருக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு மூணையும் படிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, தேவையில்லாத பழைய அனுமதிகள ரிவோக் (ரத்து) பண்ணுங்க.

தொகை கொஞ்சம் பெருசுன்னா லெட்ஜர் (சாவிய தனியா வச்சுக்கற சின்ன கருவி) கண்டிப்பா இணைச்சுக்கோங்க, கெப்ளரோட நல்லா ஓடுது, ஸ்டேக்கிங் அத்தனையும் பண்ணலாம், சாவி கம்ப்யூட்டர்ல இருக்காது. கொஞ்சம் மெதுவா தான் இருக்கும், ஒவ்வொரு பக்கமா பட்டன் அமுக்கி படிக்கணும், எனக்கு அந்த மெதுவே பிடிச்சிருக்கு. கெப்ளர் டீம்கிட்ட எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், பணத்த நகர்த்தற அனுமதி கேக்கறப்ப அந்த ஸ்க்ரீன் முழுசும் சிவப்பாகி, யாருக்குப் போகுதுங்கற அட்ரஸ பெரிய எழுத்துல காட்டட்டும்.