கஞ்சா சிறுநீர்ச் சோதனை: அட்டையா, ஏற்பிச் சோதனையா?

மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ கஞ்சாப் பயன்பாட்டைப் பார்க்கக் கைக்கு எட்டுவது சோதனை அட்டைதான். குழியில் மூன்று சொட்டு சிறுநீர், ஐந்து நிமிடம். அது தேடுவது கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை அல்ல. உடல் அதை உடைத்தபின் மிஞ்சும் கார்பாக்சி டிஎச்சியை. வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். சோதனைக்கோடு மங்கலாகத் தெரிந்தாலும் 'இல்லை' என்றே பொருள், அந்தக் கோடே வராவிட்டால்தான் 'உண்டு'. பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். கடற்காற்றின் ஈரம் அட்டைக்குப் பகை: உறையைப் பிரித்த கையோடு சொட்டு விட வேண்டும். 30 டிகிரிக்கு மேல் சேமிக்கவும் கூடாது. சித்திரை மாதத்தில் மின்விசிறி மட்டும் சுற்றும் அறை போதாது.

ஏற்பிச் சோதனையில், கஞ்சா மூளையில் செயல்படும் சிபி1 ஏற்பியைத் தாங்கிய வளர்ப்புச் செல்களில் சிறுநீர்ச் சாற்றை இடுவார்கள். ஏற்பி தூண்டப்பட்டால் ஒளி எழும். அட்டைக்குப் பிடிபடாத செயற்கைக் கன்னாபினாய்டுகளை (அதே ஏற்பியைத் தூண்டும் செயற்கைப் போதைப்பொருள்களை), அமைப்பு தெரியாத புதியவற்றையும்கூட, இது காட்டிக்கொடுக்கும். சாதாரணக் கஞ்சாவுக்கோ இது வீண்செலவு, ஏனெனில் கார்பாக்சி டிஎச்சி ஏற்பியை அநேகமாகத் தூண்டுவதில்லை.

வேலையும் அதிகம். சிறுநீரில் கழிவுப்பொருள்கள் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைந்திருக்கும். பீட்டா குளுகுரோனிடேஸ் நொதியால் பிரித்து, கரைப்பானில் எடுத்து, உலர்த்திய பிறகே செல்களில் இட முடியும். நொதிப்படியைச் செய்யாமல் விட்டால் பொய்யான 'இல்லை' வரலாம். செல்களுக்கு 37 டிகிரியும் 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடும் இடைவிடாமல் வேண்டும். மின்தடை உள்ள ஊரில் அது நடக்காது. சிறுநீர் மாதிரியை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பலாம். எதில் 'உண்டு' என வந்தாலும் மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் உறுதிசெய்யாமல் அறிக்கையில் எழுதக் கூடாது.