விடுமுறையில் முழங்கால் ஜவ்வு: ரிட்டர்ன் டிக்கெட் முடிவு செய்யக் கூடாதவை

வெளிநாட்டில் எம்.ஆர்.ஐ.க்கு வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களை ஊரில் முதலில் மலைக்க வைப்பது வேகம். யாருடைய பரிந்துரைக் கடிதமும் இல்லாமல் எலும்பு மூட்டு நிபுணரைப் பார்த்துவிடலாம். ஸ்கேன் அன்றோ மறுநாளோ முடியும், அறுவைக்கு அடுத்த வாரமே நாள் கிடைக்கும். வேகத்தில் தப்பில்லை. குறுகிய விடுமுறையோடு அது சேரும்போதுதான் சிக்கல்: எந்தச் சிகிச்சை என்பதை முழங்காலுக்குப் பதில் ரிட்டர்ன் டிக்கெட் முடிவு செய்யத் தொடங்கிவிடும்.

‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்று சொன்னால் ஏ.சி.எல். தசைநாரா (முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளையும் பிணைப்பது), மெனிஸ்கஸா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டின் வைத்தியமும் வேறு. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே உள்ள, பிறை வடிவக் குருத்தெலும்பு. ஒரு முழங்காலுக்கு இரண்டு. உள்பக்கம் இருப்பது அதிகம் நகராது, அதனால் அதுவே அடிக்கடி கிழிகிறது. வெளி விளிம்புக்கு மட்டும்தான் நல்ல இரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிசலைத் தைத்தால் ஆறி ஒட்டிக்கொள்ளும்; உள் விளிம்பில் ஒட்டுவது கடினம்.

ஸ்கேனுக்கு முன் மருத்துவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டு இடுக்கை அழுத்தி வலி தேடுவது, காலை மடக்கிப் பாதத்தைத் திருப்பியபடி நீட்டுவது, இரண்டு கால்களின் மடக்கலையும் நீட்டலையும் ஒப்பிடுவது என ஐந்து நிமிட வேலைதான். படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அறுவைக்குத் தேதி கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வீக்கம் எப்போது வந்தது என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் முழங்கால் உப்பினால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம், ஏ.சி.எல். கிழிசலையோ எலும்பு முறிவையோ சந்தேகிப்பார்கள். மறுநாள் மெல்ல வீங்கினால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் போகும். நாற்பதைத் தாண்டியவர்கள் நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி தேய்ந்திருப்பது தெரியாமல் போகும்.

எம்.ஆர்.ஐ.க்கு 1.5 டெஸ்லா (காந்தத் திறனின் அளவு) கருவி போதும். பெரும்பாலும் சாய ஊசி தேவையில்லை. அறிக்கையில் பலரைப் பயமுறுத்துவது ‘கிரேடு 2 சிக்னல்’ என்ற வரி. கிரேடு 1, 2 என்பவை குருத்தெலும்பின் உள்ளே தெரியும் மாற்றம் மட்டுமே, கிழிசல் அல்ல. மேற்பரப்பை எட்டும் கிரேடு 3-தான் கிழிசல். அதுவும் வலிக்குக் காரணமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் நடுத்தர வயதினரையும் முதியோரையும் ஸ்கேன் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் வலியே இருக்கவில்லை.

வயதோடு நைந்து வந்த கிழிசலுக்கு முதல் மருந்து உடற்பயிற்சி. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பின்லாந்து மருத்துவர்கள் இப்படிக் கிழிசல் உள்ளவர்களில் பாதிப் பேருக்குக் கிழிசலை வெட்டிச் சீராக்கினார்கள், மீதிப் பேருக்கு வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. மூன்று மாதமாவது தொடைத் தசையைப் பலப்படுத்திப் பார்ப்பதே முறை. அதை ஊரில் தொடங்கி வெளிநாட்டில் தொடரலாம். முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் கதை வேறு. கிழிந்த துண்டு புரண்டு இடுக்கில் மாட்டியிருக்கும். இழுத்து நீட்ட வைக்காதீர்கள், நாள் கடத்தாதீர்கள்.

அறுவை என்றால் வெட்டுவதா, தைப்பதா? வெட்டிச் சீராக்கினால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நடக்கலாம், மேசை வேலைக்கு ஓரிரு வாரத்தில் திரும்பலாம். தைத்தால் 4 முதல் 6 வாரம் வரை பிரேஸும் (முழங்காலைத் தாங்கும் கவசம்) ஊன்றுகோலும் வேண்டும். அதுவரை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, குத்துக்காலிட்டு உட்கார 4 மாதமாவது ஆகும், ஓட்டமும் விளையாட்டும் ஏறக்குறைய 6 மாதத்துக்குப் பிறகுதான். விடுமுறைக்காரருக்கு வெட்டுதான் வசதி, மருத்துவமனைக்கும் அதுவே சுலபம். ஆனால் தைக்கக்கூடிய கிழிசலை இளம் வயதில் வெட்டி எடுத்தால், பின்னாளில் மூட்டுத் தேய்வுக்கான வாய்ப்பு கூடும். விமானத்தைப் பிடிப்பதற்காக அதைச் செய்வது எங்கள் பார்வையில் தவறு. தங்க நாள் இல்லையென்றால், பூட்டாத முழங்காலுக்கு வசிக்கும் நாட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். ஊரில்தான் என்றால், ‘தைக்க முடிந்தால் தைப்பீர்களா, அதற்கான கருவி அன்று கையில் இருக்குமா’ என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

சிறு துளை வழியே செய்யும் அறுவைதான் (ஆர்த்ரோஸ்கோபி) என்றாலும், அதன்பின் நீண்ட விமானப் பயணத்தில் காலில் இரத்தக் கட்டி உருவாகும் ஆபத்து உண்டு. எத்தனை வாரம் தள்ளிப்போட வேண்டும் என்று அறுவை செய்தவரிடம் கேளுங்கள். முன்பு இரத்தக் கட்டி வந்திருந்தாலோ கருத்தடை மாத்திரை எடுத்தாலோ மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு திணறினாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பிசியோதெரபியில் நேரமெல்லாம் மின் கருவிக்கும் மெழுகு ஒத்தடத்துக்கும் போய்விடுவதுண்டு. கேட்டு வாங்க வேண்டியது பயிற்சிகளை. குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை 5 விநாடி இறுக்குவது ஒரு முறைக்குப் பத்து, நாளுக்குச் சில முறை. முதல் இலக்கு முழுமையாக நீட்டுவது. அது குறைந்தால் நொண்டல் நிலைத்துவிடும்.

கிளம்பும் முன், டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள். அதில் பல நேரம் ‘ஆர்த்ரோஸ்கோபி செய்யப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கும். அறுவைக் குறிப்பைத் தனியே வாங்குங்கள்: எந்தப் பகுதியில் கிழிசல், எவ்வளவு வெட்டப்பட்டது, எத்தனை தையல், என்ன பொருள் உள்ளே விடப்பட்டது. ஸ்கேனையும் ஃபிலிமாக மட்டும் வாங்காமல் டைகாம் கோப்புகளாக (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவம்) குறுந்தட்டில் கேளுங்கள். அறுவைக் குறிப்பு இல்லாவிட்டால், எத்தனை பாகை வரை மடக்கலாம் என்று வெளிநாட்டிலுள்ள பிசியோதெரபிஸ்ட் ஊகித்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.