டெமா துறைமுகத்தில் எவர்சில்வர் பெட்டிகள்: எட்டு ஆண்டு இறக்குமதி அனுபவம்

கானாவின் தலைநகர் அக்ராவில் வீட்டுச் சாமான் இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் 2017ஆம் ஆண்டின் இறுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையிலிருந்து வரும் எவர்சில்வர் பாத்திரங்கள்தான் எங்கள் முதன்மைச் சரக்கு. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கண்டெய்னர்கள் டெமா துறைமுகத்தில் இறங்குகின்றன. அவற்றுக்கான காகித வேலையில் தொடங்கிக் கிடங்கில் இறக்கி அடுக்குவது வரை என் பொறுப்பு. கானாவுக்குச் சரக்கு அனுப்ப நினைப்பவர்கள் என்னிடம் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எத்தனை நாளாகும், எவ்வளவு பணமாகும்? முதல் கேள்விக்கு இப்போது ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கேள்விக்கு எட்டு ஆண்டுகள் கழித்தும் என்னால் ஒரே தொகையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நான் வந்த நேரம் காகிதமில்லாத துறைமுகம் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2017 செப்டம்பர் 1 அன்று அதைத் தொடங்கியிருந்தார்கள். பெயர்தான் காகிதமில்லாதது, லாங் ரூம் என்று எல்லோரும் சொல்லும் சுங்கக் கூடத்தின் வாசலில் கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும், இறக்குமதியாளர்களுக்காகச் சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டுகளின் கூட்டம் அப்போதும் குறைந்திருக்கவில்லை. பொருளை வகைப்படுத்தி மதிப்பிடும் வேலை ஒரு மென்பொருளிலும், தீர்வைப் பத்திரம் தாக்கல் செய்யும் வேலை இன்னொன்றிலுமாக நடந்துகொண்டிருந்தது. 2020 ஜூன் மாதத்தில் அவ்விரண்டுக்கும் பதிலாக ஐகம்ஸ் என்ற ஒரே அமைப்பு டெமாவுக்கு வந்தது. தென்கொரியச் சுங்கத்துறையின் யூனிபாஸ் அமைப்பை ஒட்டி உருவாக்கப்பட்டது அது. மாற்றம் வந்த முதல் சில வாரங்களில் ஏஜென்ட்டுகளின் சங்கங்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தன. இன்று அதே ஏஜென்ட்டுகள் கைப்பேசியிலேயே பத்திரத்தின் நிலையைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

ஐகம்ஸின் வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்கு வரி அடையாள எண் இருக்க வேண்டும். அதை இங்கே டின் என்பார்கள். தனி ஆட்களுக்கு 2021 ஏப்ரல் முதல் தேசிய அடையாள அட்டையான கானா அட்டையின் எண்ணே டின் ஆகிவிட்டது. அந்த எண்ணைக் கொண்டு ஒவ்வொரு சரக்குக்கும் யூ.சி.ஆர். என்ற தனி அடையாள எண்ணையும், இறக்குமதி அறிவிப்புப் படிவத்தையும் பெற வேண்டும். கப்பல் நிறுவனம் தன் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டை அமைப்பில் ஏற்றிய பிறகு, உரிமம் பெற்ற ஏஜென்ட் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றை இணைத்து, தீர்வைப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்வார். அதன்பின் மதிப்பீடு முடியும், வங்கியில் தீர்வை கட்டப்படும், சோதனை நடக்கும், கப்பல் நிறுவனத்திடம் சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஆர்டர் வாங்கி, துறைமுகக் கட்டணத்தையும் கட்டினால் லாரி உள்ளே போகலாம். எல்லாம் சரியாக அமைந்த பெட்டிகளை, கப்பல் வந்த நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் வெளியே எடுத்திருக்கிறேன். 2018இல் அதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பழைய முறையில் நேர்ந்த பிழையைக் கடிதம் எழுதி, முத்திரை வாங்கி, ஒரு மேசையோடு முடித்துவிடலாம். இப்போது மேனிஃபெஸ்டில் ஏறிவிட்ட பிழை ஒரே நேரத்தில் எல்லோர் திரையிலும் தெரிகிறது. அதைத் திருத்தக் கப்பல் நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அமைப்பு மாறிய ஆண்டில் இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். தொழிற்சாலை அனுப்பிய வரைவு பில் ஆஃப் லேடிங்கில் சரக்கின் விவரமாகக் 'கிச்சன்வேர்' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. நானும் சரி என்று ஒப்புதல் கொடுத்துவிட்டேன். பெட்டிக்குள்ளே நான்கு வகைப் பொருள்கள் இருந்தன: எவர்சில்வர் பாத்திரம் 7323, அலுமினிய குக்கர் 7615, கரண்டியும் ஸ்பூனும் 8215, ஃபிளாஸ்க் 9617. ஒவ்வொன்றுக்கும் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண், வேறு என்பதால், 'கிச்சன்வேர்' என்பதற்கும் இன்வாய்ஸில் இருந்த விவரத்துக்கும் பொருத்தம் கேட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. திருத்தம் முடிய ஒன்பது நாள் ஆயிற்று.

குறியீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தியாவிலிருந்து அனுப்புவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. இந்தியாவின் ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில்லில் எட்டு இலக்கக் குறியீடு இருக்கும். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸின், கானா பின்பற்றும் பொதுத் தீர்வைப் பட்டியலிலோ பத்து இலக்கம். முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகுக்குப் பொதுவானவை, மீதமுள்ளவற்றை அந்தந்த நாடு தானே வகுத்துக்கொள்கிறது. இந்திய எண்ணின் வாலில் இரண்டு பூச்சியம் சேர்த்துவிட்டால் கானா எண் வந்துவிடும் என்று நினைத்து இன்வாய்ஸ் போட்ட ஒரு விற்பனையாளரை எனக்குத் தெரியும். இப்போது இன்வாய்ஸில் ஆறு இலக்கத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்; மீதி நான்கை இங்கே ஏஜென்ட்டும் நானும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறோம்.

இனிப் பணத்துக்கு வருவோம். எகோவாஸ் பொதுத் தீர்வையைக் கானா 2016 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. அதில் 0, 5, 10, 20, 35 என ஐந்து விகிதங்கள் உள்ளன. முழுதாகத் தயாரான நுகர்பொருள் என்பதால் எவர்சில்வர் 20 சதவீதத்தில் வரும். புதிதாக வருபவர்கள் இந்த 20ஐ மட்டும் பார்த்துவிட்டு விலை போடுகிறார்கள். 2023இல் நிலவிய விகிதங்களைக் கொண்டு நான் எங்கள் முதலாளிக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறேன். சரக்கின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பு 100,000 செடி (கானாவின் நாணயம்) என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 20,000. இரண்டும் சேர்ந்த 120,000இன் மீது தேசிய சுகாதாரக் காப்பீட்டு வரி 2.5 சதவீதம், கல்வி நிதி வரி 2.5 சதவீதம், 2021 மே மாதத்தில் வந்த கோவிட் வரி 1 சதவீதம். இம்மூன்றும் சேர்ந்து 7,200. இந்த 7,200ஐயும் கூட்டி, அதன்மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி போட்டால் 19,080, அதாவது வரியின் மேல் வரி. இவற்றோடு சி.ஐ.எஃப். மதிப்பின் மீது எகோவாஸ் வரி 0.5, ஆப்பிரிக்க ஒன்றிய வரி 0.2, ஏற்றுமதி இறக்குமதி வங்கிக்கான எக்ஸிம் வரி 0.75, சிறப்பு இறக்குமதி வரி 2 சதவீதம். இவை 3,450 செடி. ஆக மொத்தம் 49,730. வருமான வரிக்கான முன்பணத்தையும் மென்பொருள் கட்டணத்தையும் சேர்த்தால் 50,000ஐத் தாண்டிவிடும். இருபது என்று நினைத்து வந்தவர் ஐம்பது கட்ட வேண்டியிருக்கிறது. 2026 சனவரியில் கோவிட் வரி நீக்கப்பட்டு, மற்ற இரண்டு வரிகளும் மதிப்புக் கூட்டு வரியும் ஒரே தொகையின் மீது கணக்கிடப்படுவதால், இதே சரக்குக்கு 2,280 செடி குறைகிறது. பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் எட்டு ஆண்டுகளில் இறங்குமுகமாக நடந்த மாற்றங்கள் குறைவு என்பதால் இதைக் குறித்து வைத்தேன்.

இந்தக் கணக்கே நிலையாக நிற்காது என்பதுதான் உண்மையான தொல்லை. 2019 ஏப்ரலில் அரசு, இறக்குமதி மதிப்பில் பொதுச் சரக்குகளுக்கு 50 சதவீதமும் வண்டிகளுக்கு 30 சதவீதமும் தள்ளுபடி அறிவித்தது; பக்கத்து நாடான டோகோவின் லோமே துறைமுகத்துக்குப் போகும் சரக்கை டெமாவுக்குத் திருப்புவது நோக்கங்களில் ஒன்று. உள்ளூர் உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், வணிகர்கள் ஆதரித்தார்கள். 2022 மார்ச்சில் பொதுச் சரக்குக்கான தள்ளுபடி 30 ஆகக் குறைந்தது, 2023இல் முற்றிலும் நீங்கியது. கடலில் ஒன்றரை மாதம் பயணம் செய்யும் பெட்டிக்கு, ஏற்றும்போது ஒரு விதியும் இறக்கும்போது வேறு விதியும் என்பது இங்கே இயல்பு.

அதைவிடப் பெரிய ஆட்டம் செடியின் ஆட்டம். தீர்வைக்கான மாற்று விகிதத்தைச் சுங்கத்துறை வாரந்தோறும் வெளியிடுகிறது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 6 செடி என்றிருந்தது அந்த ஆண்டின் நவம்பரில் 14ஐத் தாண்டியது. தள்ளுபடியைச் சேர்க்காமல், மதிப்பில் பாதி வரி என்று வைத்துப் பார்த்தால், 20,000 டாலர் சரக்குக்கு 60,000 செடியாக இருந்தது 140,000 ஆகிவிட்டது. செடி வலுத்தால் நல்லது என்று தோன்றும். அதுவும் எப்போதும் நல்லதில்லை. 2025இன் தொடக்கத்தில் 15 செடிக் கணக்கில் தீர்வை கட்டி எடுத்த சரக்கு கிடங்கில் இருக்கும்போதே, மே மாத வாக்கில் செடி 10ஐ ஒட்டி வந்துவிட்டது. அடுத்த மாதம் பெட்டி எடுத்த போட்டியாளர் எங்களைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். அக்ராவின் மகோலா சந்தையில் எங்களிடம் மொத்தமாக வாங்கும் பெண் வியாபாரி ஒருவர், 'பழைய டாலர் சாமானை எனக்கு ஏன் தருகிறீர்கள்?' என்று கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

தடையும் சான்றிதழும் தனிக் கதை. 2019இல் டெமாவில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் கேட்டார்கள் என்று, பெட்டியில் மிஞ்சிய இடத்தில் பன்னிரண்டு டேபிள்டாப் கிரைண்டர்களை வைக்கச் சொன்னேன். மின்சாதனம் என்றால் கானா தர ஆணையத்தின் இணக்கச் சான்று தேவை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பன்னிரண்டு கிரைண்டருக்காக ஆறாயிரம் பாத்திரங்கள் காத்து நின்றன. உணவுப் பொருள் என்றால் உணவு, மருந்து ஆணையத்தின் பதிவும் ஆங்கில லேபிளும் கட்டாயம். சாம்பார்ப் பொடிதானே என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். வீட்டைக் காலி செய்து இங்கே குடிவருபவர்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியை ஏற்றக் கூடாது. பயன்படுத்திய ஃபிரிட்ஜுக்கான தடை 2013 சனவரி முதல் கடுமையாக அமலில் உள்ளது. பழைய துணிக்கு அனுமதி உண்டு, 'ஒப்ரோனி வாவு' என்ற பெயரில் அது இங்கே பெரிய வணிகம். ஆனால் பழைய உள்ளாடை, கைக்குட்டை, மெத்தை ஆகியவற்றுக்குத் தடை.

சுங்கத்தின் அபாய மதிப்பீட்டில் நம் பெட்டிக்குச் சிவப்பு நிறம் விழுந்தால் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அந்த நாளுக்கு நான் எப்போதும் நேரில் போய்விடுவேன். கதவைப் பூட்டியிருக்கும் போல்ட் சீல் என்ற உலோக முத்திரையை நீண்ட கைப்பிடிக் கத்தரியால் வெட்டும்போது ஒரு 'டக்' சத்தம் வரும். அறுந்து விழும் துண்டை எடுத்து எண் சரிதானா என்று பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிடுவார்கள். நாற்பத்தைந்து நாள் அடைத்துக் கிடந்த காற்று சூடாக முகத்தில் அடிக்கும், ஈரமேறிய அட்டைப்பெட்டியின் வாசனையோடு. கூலியாட்கள் முதல் மூன்று வரிசையை இறக்கி அடுக்குவார்கள். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து, டம்ளர் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். சத்தம் பிடித்திருந்ததோ என்னவோ, புன்னகைத்துக்கொண்டே எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார். அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தில் பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தால் இந்தச் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் தரைக்கு வந்துவிடும்.

தாமதத்துக்கான தண்டனை இரண்டு திசையிலிருந்து வருகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. துறைமுக இடத்துக்கான வாடகை வேறு, கண்டெய்னரைத் திருப்பித் தரும் வரை கப்பல் நிறுவனம் வாங்கும் டெமரேஜ் வேறு. துறைமுகம் ஏழு நாள் இலவசமாகத் தருகிறது; கப்பல் நிறுவனத்தின் இலவச நாள்களை ஏற்றுமதிக்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் பதினான்குக்குக் குறையாமல் கேட்கிறேன். ஏஜென்ட்டுகளைப் பொறுத்தவரை இதுவரை மூன்று பேரை மாற்றிவிட்டேன். முதலாமவர் எல்லாச் செலவையும் ஒரே தொகையாகச் சொல்வார்; அதில் தீர்வை எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பேச்சை மாற்றுவார். இப்போதிருப்பவர் வங்கி ரசீதை எனக்கே நேரடியாக அனுப்புகிறார். கூலி சற்று அதிகம்தான். கொடுக்க மனம் வருகிறது.

லோமேயிலும் பெனினின் கோட்டோனூவிலும் வேலை பார்க்கும் நண்பர்கள், சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்பே அதைப் பின்தொடர்வதற்கான சரக்குத் தொடர் குறிப்பு என்ற ஆவணத்தை வாங்க அலைகிறார்கள். நைஜீரியாவின் லாகோஸில் இருப்பவர் வங்கி வழியாக ஃபார்ம் எம் என்ற இறக்குமதிப் படிவம் முடியாமல் எதையும் ஏற்ற முடியாது என்கிறார். அவர்களோடு ஒப்பிடும்போது டெமாவில் நான் வசதியாகவே இருக்கிறேன். நாள் கணக்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தயங்காமல் தருவேன், பணக் கணக்குக்கு இரண்டுக்கு மேல் தர மனமில்லை.

எங்கள் அடுத்த பெட்டிக்கான வரைவு பில் ஆஃப் லேடிங் நேற்று மாலை மின்னஞ்சலில் வந்தது. சரக்கின் விவரத்தில் மீண்டும் 'கிச்சன்வேர்' என்றே அடித்திருந்தார்கள். நான்கு வகையையும் தனித்தனியாக எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.