பத்து அணியா, இருபது அணியா?

2019, 2023 ஒருநாள் கிரிக்கெட் உலகக் கோப்பைகளில் 10 அணிகள்தான். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதால் ஒரு ஆட்டத்தில் சொதப்பினாலும் மீண்டு வரலாம். ஆனால் வாசல் ரொம்பக் குறுகல். 2023-க்கான தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்திடம் தோற்று மேற்கிந்தியத் தீவுகளே வெளியே நின்றது. உள்ளே நுழைந்த நெதர்லாந்தோ தர்மசாலாவில் தென்னாப்பிரிக்காவைச் சாய்த்தது.

2024 டி20 உலகக் கோப்பையில் 20 அணிகள். சப்பென்று முடிந்த ஆட்டங்கள் இருந்தன, மறுக்கவில்லை; உகாண்டா 39 ரன்னுக்குச் சுருண்டது. சரி, அதே உகாண்டாதான் சில நாள் முன்பு பப்புவா நியூ கினியை வென்றது. 43 வயது ஃபிராங்க் என்சுபுகா 4 ஓவரில் கொடுத்தது 4 ரன், எடுத்தது 2 விக்கெட். அப்புறம் டல்லாஸில் அமெரிக்கா பாகிஸ்தானை, ஆட்டம் சமனானதால் வந்த சூப்பர் ஓவரில் கவிழ்த்தது. அந்த ஓவரை வீசிய சவுரப் நேத்ராவல்கர் ஒரு மென்பொருள் பொறியாளர்!

2007 ஒருநாள் உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடியபோது இந்தியாவும் பாகிஸ்தானும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டின. பிறகு வாசல் குறுகியதற்கு அந்தப் பயமும் காரணமோ என்று எனக்குச் சந்தேகம். என் ஓட்டு இருபதுக்கே. 2027 ஒருநாள் கோப்பைக்கு 14 அணிகளாம். பாதி வாசலாவது திறக்கிறது.