ஊட்டிக் குளிரில் நியூபார் கண்ணாடி: ஆறு வருட அனுபவம்

பெருங்குடல் புற்றுநோய் செல்களை வளர்த்து, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. அன்றாடம் புழங்குவது எச்.டி.-29 என்ற செல் வகை. 1964இல் 44 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்தது, இன்னும் சளைக்காமல் பிரிந்துகொண்டிருக்கிறது.

எண்ணுவதற்கு நியூபார் கண்ணாடி, அதாவது நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவதற்குக் கட்டம் கீறிய கண்ணாடித் தகடு. ஆறு வருடமாக அதேதான். அதன் மேல் மூடுகிற மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்தான் பதினொன்று உடைந்துவிட்டது. விரல் மரத்திருக்கும்போது அதைத் துடைக்கப் போகாதீர்கள்.

செல் கரைசலையும் ட்ரிப்பான் ப்ளூ சாயத்தையும் சரிபாதி கலந்து, கவர்ஸ்லிப் ஓரத்தில் பிப்பெட் நுனியை வைத்தால் தானாக உள்ளே ஓடும். செத்தது நீலமாகிவிடும், உயிருள்ளது பளிச்சென்று நிற்கும். நான்கு மூலைக் கட்டங்களின் சராசரியை 2ஆல் பெருக்கி, பிறகு 10,000ஆல் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை என்று வந்துவிடும். கோட்டில் உட்கார்ந்த செல்லா? மேல்கோடும் இடதுகோடும் சேர்த்தி, மற்ற இரண்டும் தள்ளுபடி.

முதல் வருடம் எனக்கு இரட்டிப்பு நேரம், அதாவது செல்கள் இரண்டு மடங்காக ஆகும் நேரம், 38 மணி என்று வந்தது. எச்.டி.-29க்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் ஆகும். இவை கொத்துக் கொத்தாக ஒட்டுகிறவை; செல்களைப் பிரித்துவிடும் ட்ரிப்சின் நொதியில் அவசரப்பட்டு, ஒரு கொத்தை ஒரு செல்லாக எண்ணியிருக்கிறேன். இப்போது பிப்பெட்டில் இருபது தடவை ஏற்றி இறக்கிய பிறகுதான் எண்ணுகிறேன். விதைத்த முதல் நாளையும் கணக்கில் சேர்ப்பதில்லை, செல்கள் ஒட்டி உட்கார வேண்டுமே. போன வாரம் 24ஆம் மணியில் 50,000, 96ஆம் மணியில் 4 லட்சம். எட்டு மடங்கு, அதாவது 72 மணியில் மூன்று இரட்டிப்பு. சரி, கணக்கு உதைக்கவில்லை.

எம்டிடி சோதனையும் செய்கிறேன்; உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அந்த ஊதாவை அளப்பது. 96 குழியை ஒரே மூச்சில் பார்க்கலாம். ஆனால் அது காட்டுவது செல்லின் உள்வேலையை, எண்ணிக்கையை அல்ல. மருந்து பட்டு செல் சோர்ந்திருந்தாலும் ஊதா குறையும். அப்புறம், அந்த ஊதாவைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறைவது. ஊட்டியில் காலையில் பாட்டிலைத் திறந்தால் பனிக்கட்டிதான்! வெந்நீரில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று உயரம். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு, அதனால் செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரில் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இங்கே போதவில்லை, செல் வளரும் திரவமான மீடியம் அமிலத்தன்மை குறைந்து ரோஸ் அடித்தது. 6.5 வைத்த பிறகு சரியானது. சில இன்குபேட்டர்கள் அழுத்தத்தைத் தாமே கணக்கில் எடுக்கும், பார்த்துக்கொண்டு மாற்றுங்கள்.

நியூபார் கண்ணாடியில் எனக்கு ஒரே குறை, எல்லாம் நம் கண்தான். டிசம்பரில் மூச்சு பட்டு ஐபீஸ் வேறு மங்கிவிடும். மஃப்ளரை மூக்கு வரை இழுத்துவிட்டுத்தான் எண்ணுகிறேன்.